வீட்டுத் தையலுக்கு ஓவர்லொக் மெசின்: வாங்குமுன் அறிய வேண்டியவை

காணியையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றுக்குத் தையல் மெசின் ஒரு கைகொடுக்கும் தொழிலாக இருந்து வந்துள்ளது. விதைப்பதற்கு நிலம் இல்லாவிட்டாலும், தைப்பதற்கு ஒரு சிறு தாழ்வாரமும் பகல் வெளிச்சமும் போதும். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். மழைக்காலத்திலும் நிற்காது.

இவ்வாறு தைக்கத் தொடங்குபவர்கள் சிறிது காலத்தில் ஒரு கேள்வியைச் சந்திக்கின்றனர். "உள்ளே ஓவர்லொக் அடித்துத் தருவீர்களா?" என்று வாடிக்கையாளர் கேட்கின்றார். கடையில் வாங்கிய சட்டையின் உட்புறத்தைப் போல, பிசிறு இல்லாத விளிம்பு அவருக்கு வேண்டும். உடனே எமது மனமும் புதிய மெசினை நாடுகின்றது. கடையில் தவணைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒன்றை அனுப்புவதாகக் கூறுகின்றார்.

கிணற்றின் ஆழத்தைப் பாராமல் நீரிறைக்கும் இயந்திரம் வாங்கிய விவசாயி உண்டா? அதுபோலவே, என்ன துணி, எவ்வளவு வேலை, என்ன மின்சாரம் என்று பாராமல் ஓவர்லொக் மெசினும் வாங்கக்கூடாது. கையில் உள்ள சிறு பணம் தவறான பொருளில் முடங்கினால் அதை மீட்பது கடினம். ஆகவே இப்பாடத்தில் ஐந்து விடயங்களைப் படிப்போம்: இம்மெசின் என்ன செய்கின்றது, அது எமக்குத் தேவையா, எந்த வகை பொருத்தமானது, கடையில் எவ்வாறு சோதிப்பது, வாங்கிய பின் எவ்வாறு காப்பது.

1. ஓவர்லொக் மெசின் என்ன செய்கின்றது?

சாதாரணத் தையல் மெசினில் மேலே ஒரு நூலும் கீழே பொபினில் ஒரு நூலும் உண்டு. ஓவர்லொக் மெசினில் பொபின் கிடையாது. மூன்று அல்லது நான்கு நூல்கள் கோன்களில் இருந்து நேரடியாக வருகின்றன. ஊசிக்குக் கீழே லூப்பர் எனப்படும் வளைந்த இரண்டு கொக்கிகள் அசைகின்றன. அவை நூலைத் துணியின் விளிம்பைச் சுற்றி வளைத்துப் பின்னுகின்றன. ஊசிக்கு முன்னால் உள்ள கத்தி துணியின் மேலதிக விளிம்பை வெட்டிக்கொண்டே போகின்றது. அதாவது வெட்டுதல், தைத்தல், விளிம்பு கட்டுதல் ஆகிய மூன்று வேலைகளும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன.

இந்தத் தையல் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கனெக்டிக்கட் மாநிலத்தில், மெரோ குடும்பத்தினரின் பின்னலாடை ஆலையோடு தொடர்புடையதாக உருவாகியது. நெடுங்காலம் அது தொழிற்சாலைக்குரிய இயந்திரமாகவே இருந்தது. வீட்டு மேசையில் வைக்கக்கூடிய சிறிய வடிவம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே யப்பானில் இருந்து வந்தது.

ஒரு விடயத்தைத் தெளிவாக நினைவில் வைக்க வேண்டும். ஓவர்லொக் மெசினால் பொத்தான் துளை போட முடியாது. சிப் வைக்க முடியாது. கொலர், பொக்கற், மேல்தையல் ஆகியவற்றையும் அது செய்யாது. ஆகவே அது சாதாரண மெசினுக்குப் பதிலாக வருவதல்ல. அதற்குத் துணையாக வருவது. முதல் மெசினே இல்லாத குடும்பம் ஓவர்லொக் மெசினை முதலில் வாங்குவது, கலப்பை இல்லாமல் பரம்புப் பலகை வாங்குவதற்குச் சமம்.

2. எமக்கு இது தேவையா?

முதலில் நீங்கள் தைக்கும் துணிகளை ஒரு மாதத்துக்குக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். எத்தனை பாடசாலைச் சீருடை, எத்தனை சட்டை, எத்தனை உள்பாவாடை, எத்தனை ரீசேட்? அவற்றுள் எத்தனைக்கு வாடிக்கையாளர் ஓவர்லொக் கேட்டார்? அதற்கென்று எத்தனை ரூபா கூடுதலாகத் தரச் சம்மதித்தார்?

1993ஆம் ஆண்டில் தொடங்கிய இலவசச் சீருடைத் திட்டத்தின் மூலம் பிள்ளைகளுக்குத் துணியோ, இடையில் சில ஆண்டுகள் அதற்கான வவுச்சரோ கிடைத்து வந்துள்ளது. ஆனால் தையற்கூலி பெற்றோரின் பொறுப்பே. ஆகவே புதிய பாடசாலை ஆண்டு தொடங்கும் வேளையில் வெள்ளைத் துணி குவிகின்றது. தைப்பொங்கல், தீபாவளி, நத்தார் காலங்களிலும் வேலை கூடுகின்றது. மற்ற மாதங்களில் குறைகின்றது. வேலை கூடிய மாதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் ஏமாந்து போவோம். மழை பெய்த ஒரு வாரத்தை வைத்து முழுப் போகத்தையும் கணிக்க முடியாதல்லவா?

ஓவர்லொக் இல்லாமலும் விளிம்பை நன்றாக முடிக்கலாம். இதோ மூன்று வழிகள்:

(அ) பிரெஞ்சுப் பொருத்து. துணியின் உட்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, விளிம்பில் இருந்து 5 மில்லிமீற்றரில் தையுங்கள். பிசிறை 3 மில்லிமீற்றர் அளவுக்கு வெட்டுங்கள். பின் துணியைத் திருப்பி, வெளிப்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க மடித்து, 6 மில்லிமீற்றரில் மறுபடி தையுங்கள். பிசிறு முழுவதும் உள்ளே மறைந்துவிடும். மெல்லிய பருத்தித் துணிக்கும் குழந்தைகளின் உடைக்கும் இதைவிடச் சிறந்த முடிப்பு இல்லை.

(ஆ) விளிம்பை மடித்து ஓரத்தில் தைத்தல். நடுத்தரத் துணிக்கு இது போதும்.

(இ) சிக்சாக் தையல். உங்கள் மெசினில் இவ்வசதி இருந்தால் விளிம்போரமாக ஓட்டலாம்.

கால்மெசினில் பூட்டுவதற்கு "ஓவர்லொக் பாதம்" என்று ஒன்றைச் சிலர் விற்கின்றனர். அது விளிம்பை ஒழுங்காகப் பிடித்து வழிநடத்தும் பாதம் மட்டுமே. சிக்சாக் தைக்கும் மெசினில் அது பயன்படும். நேர்த்தையல் மட்டும் உள்ள கால்மெசினில் பூட்டினால் ஓவர்லொக் வராது.

ரீசேட், பனியன், உள்ளாடை போன்ற இழுபடும் துணிகளை ஒழுங்காகத் தைக்க விரும்புபவருக்கோ, மாதந்தோறும் தொடர்ந்து வேலை வருபவருக்கோ ஓவர்லொக் மெசின் உண்மையான பயன் தரும். மற்றவர்கள் பொறுத்திருக்கலாம்.

3. எந்த வகை பொருத்தமானது?

கடைகளில் பெரும்பாலும் மூன்று வகைகளைக் காணலாம்.

முதலாவது, சிறிய மூன்று நூல் மெசின். ஜி.என்.1 என்ற இலக்கத்தோடு சீனாவில் இருந்து வருபவை இவ்வகையின. இதில் ஒரு ஊசியும் மூன்று நூலும் உண்டு. மிதிக்கும் சட்டத்தில் பட்டி போட்டும் ஓட்டலாம், சிறிய மோட்டரிலும் ஓட்டலாம். ஆகவே மின்சாரம் இல்லாத இடத்துக்கு இது ஏற்றது. அமைப்பு எளிது; விலையும் மற்ற இரண்டைவிடக் குறைவு. ஆனால் அடிக்கடி எண்ணெய் விட வேண்டும். சத்தம் கூடுதல். இழுபடும் துணியில் விளிம்பு அலைபோல நெளியும். சீருடை, சட்டை, பாவாடை போன்ற நெய்த துணிகளுக்கு விளிம்பு கட்டுவது மட்டுமே வேலை என்றால் இதுவே போதும்.

இரண்டாவது, வீட்டுப் பாவனைக்கான மூன்று - நான்கு நூல் மெசின். பிறதர் 1034டி, ஜுகி எம்.ஓ.654 போன்றவை இவ்வகையின. விளம்பரத்துக்காக இப்பெயர்களைச் சொல்லவில்லை; ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்பதற்காகவே சொல்கின்றோம். இவற்றில் இரண்டு ஊசிகள் உண்டு. ஒரு ஊசியைக் கழற்றிவிட்டால் மூன்று நூலில் ஓடும். நிமிடத்துக்கு 1,300 முதல் 1,500 தையல் வரை போடும். ஒருவர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய பாரமே. மீண்டும் இடம் மாற வேண்டிய நிலை வரலாம் என்று அஞ்சும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல.

மூன்றாவது, தொழிற்சாலை மெசின். நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடும். நாள் முழுவதும் உழைக்கும். ஆனால் மேசையோடு சேர்ந்தது. இருவர் மூவர் சேர்ந்தே தூக்கலாம். அதன் வேகம் புதியவரின் கையை மிஞ்சிவிடும். கத்தி வெட்டிய துணியை மீண்டும் ஒட்ட முடியாது. ஆகவே தனிக் குடும்பத்தின் தொடக்கத்துக்கு இதை நாம் சிபாரிசு செய்வதில்லை. பயிற்சி பெற்ற பலர் சேர்ந்து வேலை செய்யும் நிலையத்துக்கே இது பொருந்தும்.

புதிதாகப் பழகுபவர் இரண்டாவது வகையை வாங்குவதானால் பின்வரும் வசதிகளைக் கவனிக்க வேண்டும்:

• நூல் கோர்க்கும் வழி. ஒவ்வொரு நூலின் பாதையும் வெவ்வேறு நிறத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். முன்மூடியின் உட்புறத்தில் படம் இருந்தால் மேலும் நல்லது.

• துணியூட்டச் சீராக்கி. துணியை முன்னும் பின்னுமாக இரண்டு பற்சட்டங்கள் நகர்த்துகின்றன. அவற்றின் வேகங்களை வேறுபடுத்தும் திருகு இது. 1 என்ற அடையாளத்தில் இரண்டும் சமம். இலக்கத்தைக் கூட்டினால் ரீசேட் துணி நெளியாமல் படிந்து வரும். குறைத்தால் மெல்லிய வழுக்கும் துணி சுருங்காமல் வரும். இழுபடும் துணி தைப்பவருக்கு இவ்வசதி கட்டாயம்.

• கத்தியை விலக்கி வைக்கும் வசதி. பழகும்போது துணி வெட்டுப்படாமல் தைத்துப் பார்க்க உதவும்.

• ஊசி. சாதாரண வீட்டு மெசின் ஊசியே பொருந்துமா, அல்லது தனி ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். பக்கத்து நகரில் கிடைக்காத ஊசியைக் கேட்கும் மெசின், ஒரு ஊசி முறிந்ததும் மூலையில் கிடக்கும்.

ஐந்து நூல், எட்டு நூல், காற்றினால் தானே நூல் கோர்க்கும் வசதி என்று விலை உயர்ந்த மெசின்களும் உண்டு. தொடக்கத்தில் அவை தேவையில்லை.

4. நூல்செலவை மறக்க வேண்டாம்

நூல் வியாபாரத்தில் பயன்படும் பொதுவான மதிப்பீடு ஒன்று உண்டு. ஒரு மீற்றர் நீளத்துக்குச் சாதாரண நேர்த்தையல் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் நூலை எடுக்கும். மூன்று நூல் ஓவர்லொக் ஏறத்தாழ 14 மீற்றர் எடுக்கும். நான்கு நூல் 18 மீற்றர் வரை எடுக்கும்.

ஒரு சீருடையில் எட்டு மீற்றர் விளிம்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், மூன்று நூலில் 112 மீற்றரும் நான்கு நூலில் 144 மீற்றரும் செலவாகும். ஆகவே நெய்த துணிக்கு விளிம்பு மட்டும் கட்டும்போது ஒரு ஊசியைக் கழற்றி மூன்று நூலில் தையுங்கள். இழுபடும் துணியைப் பொருத்தித் தைக்கும்போது மட்டும் நான்கு நூலைப் பயன்படுத்துங்கள்.

சிறிய நூற்கட்டைகள் இதற்குக் கட்டுபடியாகாது. பெரிய கோன்களே மலிவு. எல்லா நிறத்திலும் வாங்கவும் தேவையில்லை. வெள்ளை, கறுப்பு, சாம்பல் ஆகியவை பெரும்பாலான வேலைக்குப் போதும். வெளியே தெரியக்கூடியது ஊசி நூலே. அதை மட்டும் துணியின் நிறத்துக்கு மாற்றினால் போதும்.

5. மின்சாரத்தைப் பாருங்கள்

வீட்டு ஓவர்லொக் மெசின் பொதுவாக 100 முதல் 150 வாற் வரை மின்சாரம் எடுக்கும். பழைய தொழிற்சாலை மெசினின் மோட்டர் 400 வாற் அளவில் எடுக்கும். சூரிய மின்கலத்தையோ சிறிய ஜெனரேற்றரையோ நம்பி இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் மெசின்களில் ஓர் ஆபத்து உண்டு. இலங்கையில் மின்னழுத்தம் 230 வோல்ற். இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகள், அவுஸ்திரேலியா ஆகியவற்றில் இருந்து வருபவை பெரும்பாலும் இதற்கு ஒத்துப்போகும். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற். அங்கிருந்து வந்த மெசினை எமது சுவர்த் துளையில் நேரடியாகப் பூட்டினால் மோட்டர் எரிந்துவிடும். மெசினின் பின்புறத்திலோ அடியிலோ உள்ள தகட்டை முதலில் வாசியுங்கள். 110 அல்லது 120 என்று இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் நிலைமாற்றி வேண்டும். மெசினின் வாற் அளவைவிட அது கூடிய வலு உள்ளதாக இருக்க வேண்டும். கால்மிதியையும் அந்த மெசினோடு வந்ததையே பயன்படுத்த வேண்டும்.

மூடப்பட்ட தொழிற்சாலைகளில் இருந்து வரும் பழைய மெசின்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சிலவற்றின் மோட்டர் மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. வீட்டு இணைப்பில் அது ஓடாது. மோட்டரை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

6. கடையில் எவ்வாறு சோதிப்பது?

கடைக்காரர் தைத்துக் காட்டுவதைப் பார்த்து வாங்க வேண்டாம். அவருடைய துணி மெசினுக்கு ஏற்றதாகத் தெரிவு செய்யப்பட்டது. நீங்கள் மூன்று துண்டுகளைக் கொண்டு செல்லுங்கள்: சீருடை வெள்ளைத் துணி, பழைய ரீசேட் துண்டு, நான்காக மடித்த தடித்த துணி. நான்கு நிற நூல்களையும் கொண்டு சென்றால், எந்த நூல் பிழை செய்கின்றது என்பது உடனே தெரியும்.

முதலில் நூல்களைக் கழற்றச் சொல்லி, நீங்களே கோர்த்துப் பாருங்கள். இதுவே மிக முக்கியமான சோதனை. கோர்க்கும்போது பாதம் உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நூல் இறுக்கும் தட்டுகளுக்குள் ஒழுங்காக அமரும். பெரும்பாலான மெசின்களில் முதலில் மேல் லூப்பர், அடுத்துக் கீழ் லூப்பர், கடைசியாக ஊசிகள் என்பதே ஒழுங்கு. கீழ் லூப்பர் நூல் இடையில் அறுந்தால், ஊசி நூல்களை முதலில் எடுத்துவிட்டு, லூப்பரைக் கோர்த்து, பின் ஊசிகளைக் கோர்க்க வேண்டும். இந்த ஒழுங்கு தெரியாததால் நூல் திரும்பத் திரும்ப அறுபட, மெசின் பழுது என்று ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு.

அடுத்துத் துணி இல்லாமல் மெதுவாக ஓட்டுங்கள். பின்னால் சங்கிலி போலப் பின்னல் ஒழுங்காக வர வேண்டும். பின் துணிகளைத் தைத்துப் பாருங்கள்:

• லூப்பர் நூல்கள் இரண்டும் துணியின் விளிம்பிலேயே சந்திக்க வேண்டும்.

• மேல் லூப்பர் நூல் துணியின் அடிப்பக்கத்துக்கு இழுபட்டால், கீழ் லூப்பர் இறுகியோ மேல் லூப்பர் தளர்ந்தோ உள்ளது.

• தைத்த இடத்தை இரு பக்கமும் இழுக்கும்போது ஏணிப்படி போல நூல் தெரிந்தால், ஊசி நூல் தளர்ந்துள்ளது.

• துணி சுருங்கினால், ஊசி நூல் மிகவும் இறுகியுள்ளது.

இவை திருகைத் திருப்பிச் சரிசெய்யக்கூடியவை. ஆனால் எவ்வளவு திருப்பியும் தையல் தவறிக்கொண்டே போனால், அந்த மெசினை வாங்காதீர்கள்.

பழைய மெசின் என்றால் மேலும் சிலவற்றைப் பாருங்கள். கைச்சில்லைக் கையால் சுற்றும்போது எங்காவது தடக்குகின்றதா? ஊசித் தகட்டிலும் லூப்பரிலும் ஊசி குத்திய கீறல் உள்ளதா? ஒரு மெல்லிய துணியைக் கத்தி சுத்தமாக வெட்டுகின்றதா? துரு ஏறியுள்ளதா?

பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாற்றுக் கத்தியும் லூப்பரும் எங்கே கிடைக்கும்? திருத்துபவர் எந்த ஊரில் இருக்கின்றார்? உத்தரவாதம் எத்தனை மாதம், அது பற்றுச்சீட்டில் எழுதித் தரப்படுமா? வாய்ப்பேச்சில் தரும் உத்தரவாதம் உத்தரவாதம் அல்ல.

7. கடனும் கணக்கும்

பின்வரும் கணக்கில் உள்ளவை சந்தை விலைகள் அல்ல. முறையைக் காட்டுவதற்கான எண்கள் மட்டுமே. வட்டியோடு சேர்த்து 72,000 ரூபாவை 12 மாதத்தில் கட்ட வேண்டும் என்று வைப்போம். மாதத் தவணை 6,000 ரூபா. ஒரு உடுப்புக்கு ஓவர்லொக் கூலி 60 ரூபா. அதில் நூல், மின்சாரம், ஊசி ஆகியவற்றுக்கு 15 ரூபா போனால், மிஞ்சுவது 45 ரூபா. 6,000ஐ 45ஆல் வகுத்தால் ஏறத்தாழ 134 வருகின்றது. மாதத்தில் 25 நாள் வேலை என்றால், நாளொன்றுக்கு ஐந்து உடுப்புக்கு மேல் தவறாமல் வர வேண்டும். அதுவும் தவணைக்கு மட்டும். வீட்டுச் செலவுக்கு ஒரு சதமும் இல்லை.

உங்கள் ஊரின் உண்மையான எண்களைப் போட்டு இக்கணக்கைச் செய்து பாருங்கள். விடை உங்கள் கொப்பியில் உள்ள வேலையைவிடக் கூடுதலாக இருந்தால், கடனுக்கு வாங்க வேண்டாம். 2018ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் நுண்நிதி நிறுவனங்களிடம் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தீர்ப்பதற்கு அரசாங்கமே திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டியதாயிற்று. வாரத் தவணை எத்தனை வீடுகளின் நிம்மதியைக் குலைத்தது என்பதை எமது கிராமங்கள் அறியும்.

தனியே முடியாததைக் கூட்டாகச் செய்யலாம். ஐந்து தையற்காரர் உள்ள குடியிருப்புக்கு ஒரு ஓவர்லொக் மெசின் போதும். ஆனால் பொதுவான பொருள் கவனிப்பாரற்றுப் போவதும் உண்டு. ஆகவே தொடங்குமுன் சிலவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: மெசின் யாருடைய வீட்டில் இருக்கும், யார் பொறுப்பு, உடுப்புக்கு எவ்வளவு கட்டணம், திருத்தச் செலவுக்கென ஒதுக்கும் பங்கு எவ்வளவு, ஒரு குடும்பம் ஊருக்குத் திரும்பிப் போனால் அதன் பங்கை எவ்வாறு கொடுப்பது. கடைசியாகச் சொன்னதை எழுத மறக்க வேண்டாம். இடம்பெயர்ந்தோர் மத்தியில் பிணக்கு எழுவது அங்கேதான்.

8. வாங்கிய பின்

கத்தி பிசிறை உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, சிறு தூரிகையால் துடையுங்கள். மெசினின் கைநூலில் சொன்ன இடங்களில் மட்டும் தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் விடவே கூடாது. அது பிசினாக இறுகி அசையும் பாகங்களைப் பிடித்துவிடும்.

குண்டூசியைக் கத்திக்கு அருகே விடாதீர்கள். ஒரு குண்டூசி கத்தியை முறித்துவிடும். தெறிக்கும் துண்டு கண்ணில் படவும் கூடும். மூடி திறந்திருக்கும்போது ஓட்ட வேண்டாம். சிறு பிள்ளைகளைக் கால்மிதியின் அருகே விட வேண்டாம்.

தகரக் கொட்டிலில் வாழ்பவர்கள் மெசினை நிலத்தில் வைக்காமல், பலகையின் மேல் துணியால் மூடி வையுங்கள். மாரி காலத்தில் ஈரம் துருவைக் கொண்டுவரும். கோடையில் புழுதி பற்சட்டத்தை அடைக்கும். பற்றுச்சீட்டையும் கைநூலையும் குடும்பத்தின் மற்றைய பத்திரங்களோடு ஒரே பொலித்தீன் உறையில் வையுங்கள்.

முதல் வாரத்தில் வாடிக்கையாளரின் துணியில் கைவைக்க வேண்டாம். பழந்துணிகளில் நேர்விளிம்பு, வளைவு, மூலை என்று பழகுங்கள். கத்தியைப் பாராமல் பாதத்தின் முன்புறத்தைப் பார்த்துத் துணியை நடத்துங்கள். துணியை இழுக்க வேண்டாம். பற்சட்டம் தானே கொண்டுபோகும். கை பழகியபின் எடுக்கும் வேலையே வாடிக்கையாளரை மறுபடியும் உங்கள் வாசலுக்குக் கொண்டுவரும்.

குழுவாகக் கலந்துரையாட

1. கடந்த மாதம் நாம் தைத்தவற்றுள் ஓவர்லொக் உண்மையில் தேவைப்பட்டவை எத்தனை?

2. எமது குடியிருப்பில் மின்சாரம் எவ்வளவு நேரம் உண்டு? கால்மிதியில் ஓடும் மெசின் எமக்குப் பொருந்துமா?

3. அருகில் உள்ள திருத்துபவர் யார்? அவரிடம் எந்த மெசினுக்குப் பாகங்கள் உண்டு?

4. கூட்டாக வாங்குவதானால், எமது உடன்படிக்கையில் எவை எழுதப்பட வேண்டும்?

செய்து பார்க்க: பிரெஞ்சுப் பொருத்தில் ஒன்றும், விளிம்பை மடித்து ஒன்றுமாக இரண்டு துண்டுகளைத் தைத்து, பத்து முறை தோய்த்து உலர்த்துங்கள். எது பிசிறாமல் நிற்கின்றது என்பதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.